படைத்துப்பாக்கியிலிருந்து வேட்டைத்துப்பாக்கி: அமெரிக்கச் சிக்கன வேட்டையின் வரலாறு

படைகள் கழித்துவிட்ட துப்பாக்கிகளை மலிவாக வாங்கி, அவற்றைத் தம் தேவைக்கேற்ப வேட்டைத் துப்பாக்கிகளாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக இருந்தது. இவ்வாறு மாற்றப்பட்ட துப்பாக்கி ‘ஸ்போர்ட்டர்’ என்றும், மாற்றும் வேலை ‘ஸ்போர்ட்டரைசிங்’ என்றும் அழைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒருவரின் விருப்பத்தில் தொடங்கிய இவ்வழக்கம், இரு உலகப் போர்களுக்குப் பின் தொழிலாளர்களும் உழவர்களும் தம் வீட்டுப் பட்டறையில் செய்யும் வேலையாக மாறியது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது தளர்ந்தது.

துப்பாக்கி மலிவாகக் கிடைத்தது மட்டுமே இதற்குக் காரணமன்று. நிலமில்லாதவரும் வேட்டையாடலாம் என்ற அமெரிக்கச் சட்ட மரபும், பரந்த பொது நிலங்களும் சேர்ந்தே இதற்கு இடம்கொடுத்தன. இக்கட்டுரை துப்பாக்கியின் வரலாற்றையும் வேட்டைச் செலவின் வரலாற்றையும் இணைத்துக் கூறுகிறது.

பின்னணி: விலங்கு யாருடையது?

ஐரோப்பாவின் பல நாடுகளில் வேட்டையுரிமை நிலவுடைமையோடு பிணைந்திருந்தது. இங்கிலாந்தில் பிரபுக்களின் காட்டில் மான் கொன்ற ஏழைகள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். அமெரிக்காவில் குடியேறியவர்கள் இம்முறையை ஏற்கவில்லை. காட்டு விலங்கு தனியொருவரின் சொத்தன்று, மக்கள் சார்பில் மாநில அரசு அதைக் காத்து நிற்கிறது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் நீதிமன்றத் தீர்ப்புகளில் வலுப்பெற்றது. 1896இல் வந்த கீர் எதிர் கனெக்டிகட் வழக்கின் தீர்ப்பு இதில் முதன்மையானது.

கட்டுப்பாடற்ற வேட்டையால் பெரும் அழிவு நேர்ந்தது. சந்தையில் இறைச்சியும் தோலும் விற்பதற்காக வேட்டையாடியவர்கள் காட்டெருமைக் கூட்டங்களை ஏறக்குறைய இல்லாமலாக்கினர். ஒருகாலத்தில் வானை மறைத்துப் பறந்த பயணிப் புறா இனம் 1914இல் முற்றாக அழிந்தது. வெண்வால் மான்களின் எண்ணிக்கை 1900ஆம் ஆண்டளவில் சில லட்சங்களாகச் சுருங்கியது. இதனால் மாநிலங்கள் வேட்டைப் பருவங்களையும் உரிமச் சீட்டுகளையும் ஏற்படுத்தின. சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடத்தி விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடைசெய்தது. காட்டு விலங்கின் இறைச்சியை விற்பது படிப்படியாக நின்றது. தன் வீட்டுக்காக வேட்டையாடும் எளிய மனிதர் சந்தை வேட்டைக்காரரின் இடத்தைப் பிடித்தார். அவருக்குத் தேவைப்பட்டது விலை குறைந்த, நம்பத்தக்க துப்பாக்கி.

போல்ட் துப்பாக்கியின் வருகை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேட்டைக்காரரின் வழக்கமான ஆயுதம் நெம்புகோல் துப்பாக்கி. 1894இல் வந்த வின்செஸ்டர் துப்பாக்கி அவற்றில் புகழ்பெற்றது. விசைக்குக் கீழேயுள்ள வளையத்தைக் கீழிழுத்து மேலேற்றினால் அடுத்த தோட்டா அறைக்குள் வரும். அடர்ந்த காட்டில் 100 கஜ தூரத்துக்குள் மான் சுட அது போதும். மேற்கு மலைகளின் திறந்த வெளியில் தொலைவிலுள்ள விலங்குக்கு அது போதவில்லை.

ஜெர்மனியில் பால் மவுசர் (1838–1914) உருவாக்கிய துப்பாக்கி வேறு வகையைச் சேர்ந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஓர் உருளையை முன்தள்ளித் திருப்பினால் தோட்டா அறை பூட்டிக்கொள்ளும். அவ்வுருளையே ‘போல்ட்’. 1898இல் ஜெர்மானியப் படை ஏற்ற மவுசர் 98இல் போல்ட்டின் முன்புறம் 2 பூட்டுப் பற்களும் பின்புறம் ஒரு பாதுகாப்புப் பல்லும் இருந்தன. பக்கவாட்டில் உள்ள நீண்ட கொக்கி, தோட்டா பெட்டியிலிருந்து எழும்பியவுடனே அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். துப்பாக்கி எந்நிலையில் இருந்தாலும் தோட்டா நழுவாது. தோட்டாவை உள்ளே தள்ளி, பூட்டி, சுட்ட பின் உறையை வெளியேற்றும் இப்பொறிப்பகுதி முழுவதும் ‘ஆக்‌ஷன்’ எனப்படும். பின்னாளில் வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் பழைய துப்பாக்கியில் முதலில் பார்த்தது இதைத்தான். குழல், கட்டை, விசை எல்லாவற்றையும் மாற்றலாம். ஆக்‌ஷன் நன்றாக இருந்தால்தான் மற்ற வேலைக்குப் பொருள் உண்டு.

1898இல் கியூபாவில் நடந்த போரில் ஸ்பானியர்களின் மவுசர் துப்பாக்கிகள் அமெரிக்கப் படையின் கிராக் துப்பாக்கிகளைவிட வேகமாகத் தோட்டா நிரப்பக்கூடியவை என்பது தெளிவாகியது. அமெரிக்கா 1903இல் மவுசரைப் பின்பற்றி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை உருவாக்கியது. மவுசர் நிறுவனத்தின் காப்புரிமைக்காக 2 லட்சம் டாலர் செலுத்த வேண்டியிருந்தது. 1906இல் இத்துப்பாக்கிக்குத் திருத்திய தோட்டா வந்தது. ஆண்டைக் குறிக்கும் எண்ணோடு ‘.30-06’ என்று பெயர் பெற்ற அத்தோட்டா இன்றும் அமெரிக்க வேட்டையில் பயன்படுகிறது.

ரூஸ்வெல்ட்டும் முதல் மாற்றங்களும்

ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை வேட்டைக்கு மாற்றிக்கொண்ட முதல்வர்களில் ஒருவர் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட். 1903ஆம் ஆண்டிலேயே அரசு ஆயுதச் சாலையில் தனக்கென வேட்டைக் கட்டை பொருத்திய ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். 1909இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக ஆப்பிரிக்கா சென்றபோது அதையும் எடுத்துச் சென்றார்.

எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட்டுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் துப்பாக்கிக் கைவினைஞர் லூயிஸ் வுண்ட்ஹாமர் 1910இல் செய்த ஸ்பிரிங்ஃபீல்டு, தனியார் பட்டறையில் உருவான தொடக்ககால ஸ்போர்ட்டர்களுள் ஒன்று. கைப்பிடியில் உள்ளங்கை படியும் இடத்தில் அவர் அமைத்த மென்மையான புடைப்பு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நியூயார்க்கில் மரச்சாமான் செய்துகொண்டிருந்த சீமோர் கிரிஃபின், ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்கப் பயண நூலைப் படித்த ஆர்வத்தில் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு வாங்கி, உயர்ந்த வாதுமை மரத்தில் அதற்குக் கட்டை செதுக்கினார். அதைப் பார்த்தவர்கள் தமக்கும் வேண்டும் என்று கேட்டனர். படை அதிகாரியும் துப்பாக்கி எழுத்தாளருமான டவுன்சென்ட் வீலன் (1877–1961), ஃபிராங்க்ஃபர்டு ஆயுதச் சாலையில் உலோக வேலையில் தேர்ந்த ஜேம்ஸ் ஹோவை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1923இல் ‘கிரிஃபின் & ஹோ’ நிறுவனம் பிறந்தது. எர்னஸ்ட் ஹெமிங்வே வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டு இங்குச் செய்யப்பட்டது.

இவை வசதி படைத்தோருக்கான துப்பாக்கிகள். எனினும் நல்ல வேட்டைத் துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவை இலக்கணம் வகுத்தன. மெலிந்த கட்டை, நேர்கோட்டில் அமைந்த தோள்பகுதி, பிடிக்குமிடத்தில் வழுக்காத சதுரச் செதுக்கல், குறைந்த எடை ஆகியவை அதன் கூறுகள். இதழ்களில் வந்த படங்களைப் பார்த்து, அதே வடிவைத் தன் மலிவுத் துப்பாக்கியில் கொண்டுவர முயன்றவர் பலர்.

உபரித் துப்பாக்கிகளும் அரசு விற்பனையும்

1898 போருக்குப் பின், குடிமக்கள் துப்பாக்கி சுடப் பழகியிருந்தால் போர்க்காலத்தில் படைக்கு உதவும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதற்காக 1903இல் ஒரு தேசிய வாரியம் அமைக்கப்பட்டது. உபரிப் படைத்துப்பாக்கிகளைத் துப்பாக்கிக் கழகங்களுக்கு விற்க 1905ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1916இல் இதற்கெனப் படைத்துறையில் தனி இயக்குநர் பதவி உருவானது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர்கள் அஞ்சல்வழியே விண்ணப்பித்து, கழிக்கப்பட்ட துப்பாக்கிகளை மிகக் குறைந்த விலையில் பெற்றனர்.

முதலில் வந்தவை பழைய கிராக் துப்பாக்கிகள். அவற்றின் போல்ட் எண்ணெய் தடவிய கண்ணாடிபோல வழுவழுப்பாக நகரும். ஆனால் ஒரே பூட்டுப் பல் கொண்டதால் வலிய தோட்டாக்களுக்கு ஏற்றதன்று. ரஷ்யப் பேரரசுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்டு, 1917 புரட்சிக்குப் பின் தேங்கிப்போன மோசின்-நாகன்ட் துப்பாக்கிகளும் விற்பனைக்கு வந்தன. முதல் உலகப் போரில் 20 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எம்1917 என்ஃபீல்டும் அவ்வாறே கிடைத்தது. ரெமிங்டன் நிறுவனம் அதே வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு 1921இல் மாடல் 30 என்ற வேட்டைத் துப்பாக்கியைச் செய்தது. வீட்டுப் பட்டறையில் நடந்த வேலையைத் தொழிற்சாலையே செய்தது என்று இதைக் கூறலாம். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையும் 1924 முதல் வேட்டைக் கட்டையோடு கூடிய தனி வகை ஒன்றை உறுப்பினர்களுக்கு விற்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்த ஓட்டம் வெள்ளமாகியது. நாடு திரும்பிய படைவீரர்கள் நினைவுப் பொருளாக ஜெர்மானிய மவுசர்களையும் ஜப்பானிய அரிசாக்காக்களையும் கொண்டுவந்தனர். ரெமிங்டனும் ஸ்மித்-கொரோனாவும் போர்க்காலத்தில் செய்த 1903ஏ3 ஸ்பிரிங்ஃபீல்டுகள் அரசால் விற்கப்பட்டன. ஐரோப்பிய, தென்னமெரிக்க நாடுகளின் கிடங்குகளில் கிடந்த துப்பாக்கிகளையும் வணிகர்கள் கப்பல் கப்பலாக இறக்கினர். 1953இல் சாமுவேல் கம்மிங்ஸ் (1927–1998) தொடங்கிய இன்டர்ஆர்ம்கோ நிறுவனம் இவ்வணிகத்தில் முதலிடம் பெற்றது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் ஆற்றங்கரையோரம் அதன் கிடங்குகள் இருந்தன. பின்னாளில் இந்தியாவின் இஷாபூர் ஆயுதச் சாலையில் செய்யப்பட்ட 2ஏ1 துப்பாக்கிகளும் அமெரிக்கச் சந்தையை அடைந்தன.

வீட்டுப் பட்டறையில் நடந்த வேலை

படைத்துப்பாக்கி கனமானது. குழலின் முனைவரை மரம் மூடியிருக்கும். கத்தி பொருத்தும் வளையம், தொலைதூர அளவுக் குறிகள், தோள்வார் கொக்கிகள் எனப் போருக்கானவை பல இருக்கும். மிகச் சிக்கனமாக வேலை செய்தவர் முன்பக்க மரத்தை அறுத்து உருட்டி, இரும்பு வளையங்களைக் கழற்றி, ஆளிவிதை எண்ணெய் பூசியதோடு நிறுத்திக்கொண்டார். ஓர் அரமும் ரம்பமும் ஒரு வார இறுதியும் அதற்குப் போதும்.

சற்றே செலவிட முடிந்தவர் புதிய கட்டை வாங்கினார். மிசூரி மாநிலத்தின் பிஷப், ஃபாஜன் நிறுவனங்கள் 90 விழுக்காடு குடைந்து முடித்த வாதுமைக் கட்டைகளை அஞ்சலில் அனுப்பின. எஞ்சியதை வாங்கியவரே செதுக்க வேண்டும். இரும்பின்மேல் மெல்லிய கறுப்புச் சாயம் தடவிக் கட்டைக்குள் இறக்கி எடுத்தால், எங்கு இடிக்கிறதோ அங்கே கறை படியும். அவ்விடத்தை மட்டும் உளியால் சீவி, மீண்டும் இறக்கிப் பார்க்க வேண்டும். நூறு முறை செய்தாலும் அவசரப்படக் கூடாது என்பது இத்தொழிலின் பாடம். இரும்பும் மரமும் சீராகப் பொருந்தாவிட்டால், மழையில் மரம் உப்பிக் குழலை ஒருபக்கம் தள்ளும், குறி தவறும். பின்னாளில் கண்ணாடி இழை கலந்த பிசின் வந்தபின் இவ்வேலை எளிதாயிற்று. 1939இல் அயோவா மாநிலத்தின் மாண்டசூமாவில் பாப் பிரவுனெல் தொடங்கிய நிறுவனம் இத்தகைய பொருள்களைச் சிறு பட்டறைகளுக்கு விற்று வளர்ந்தது.

தொலைநோக்கி பொருத்துவது மற்றொரு கட்டம். பில் வீவர் 1930இல் விற்கத் தொடங்கிய ‘330’ தொலைநோக்கி 20 டாலருக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. ஜெர்மானியத் தொலைநோக்கிகளை வாங்க இயலாதவர்களுக்கு அது வாய்ப்பாயிற்று. மவுசரின் போல்ட் கைப்பிடி மேலே எழும்பும்போது தொலைநோக்கியில் இடிக்கும். ஆகவே கைப்பிடியைக் காய்ச்சி வளைக்க வேண்டும் அல்லது வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். எம்1917இல் பின்குறியைக் காக்க இருபுறமும் காதுபோல நின்ற இரும்பைத் தேய்த்தெடுக்க வேண்டும். துளையிடுதல், குழல் மாற்றுதல், தோட்டா அறையின் அளவைச் சரிபார்த்தல் ஆகியவை வீட்டில் செய்யத்தக்கவை அல்ல. அவற்றைத் தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞரிடம் கொடுப்பதே வழக்கம்.

அக்கைவினைஞர்களைப் பயிற்றுவிக்கவும் போர் வழிசெய்தது. 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் திரும்பி வந்தவர்களுக்குக் கல்விச் செலவு அளித்தது. கொலராடோவின் டிரினிடாட் நகரக் கல்லூரியில் 1947இல் துப்பாக்கித் தொழில் படிப்பு தொடங்கியது. அங்குக் கற்பித்தவர்களில் பார்க்கர் ஆக்லி (1903–1989) குறிப்பிடத்தக்கவர்.

மலிவின் ஆபத்து

எல்லாப் பழைய துப்பாக்கியும் பாதுகாப்பானதன்று. முதல் உலகப் போரின்போது சில ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளின் ஆக்‌ஷன்கள் சுடும்போதே உடைந்து சிதறின. எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் நிறத்தைக் கொண்டு கண்ணாலேயே கணித்தது காரணம் என விசாரணையில் தெரியவந்தது. வெயில் நாளிலும் மேகமூட்ட நாளிலும் அதே சூடு வெவ்வேறு நிறமாகத் தெரியும். மிகைச் சூட்டில் எஃகு கருகி நொறுங்கும் தன்மை பெற்றது. 1918இல் சூடேற்றும் முறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு சாலையில் 8,00,000க்கும், ராக் ஐலண்டு சாலையில் 2,85,507க்கும் குறைந்த வரிசை எண் கொண்டவற்றைச் சுடக் கூடாது என்ற எச்சரிக்கை அதிலிருந்து வந்தது. ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியிட்ட நூலில் இவ்விபத்துகளைப் பட்டியலிட்டார்.

எந்த ஆக்‌ஷன் எவ்வளவு தாங்கும் என்பதை ஆக்லி சோதித்தார். வெவ்வேறு நாட்டுத் துப்பாக்கிகளில் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், அவை உடையும்வரை சுட்டார். அழகற்றது, மட்டமானது என்று அமெரிக்கர் ஏளனம் செய்த ஜப்பானிய அரிசாக்கா மிக வலிமையானது என்பது அச்சோதனைகளில் வெளிப்பட்டது. எதிரியின் பொருள் மீதான முன்முடிவு தொழில்நுட்ப மதிப்பீட்டையும் மறைத்திருந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1963உம் 1968ஆம் ஆண்டுச் சட்டமும்

வெளிநாட்டு உபரித் துப்பாக்கிகளின் வரவால் உள்நாட்டுத் துப்பாக்கி நிறுவனங்கள் பாதிப்படைந்தன. அவற்றில் பல மாசச்சூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களில் இருந்தன. மாசச்சூசெட்ஸின் செனட்டராக இருந்த ஜான் கென்னடி, படைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க 1958இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது முழுமையாக நிறைவேறவில்லை. அமெரிக்காவிலிருந்து பிற நாடுகளுக்கு உதவியாக அனுப்பிய ஆயுதங்களைத் திரும்பக் கொண்டுவருவது மட்டுமே தடைபட்டது.

5 ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 22 அன்று, அத்தகைய இறக்குமதித் துப்பாக்கி ஒன்றால் கென்னடி டல்லஸ் நகரில் கொல்லப்பட்டார். இத்தாலியப் படையின் கார்கானோ வகையைச் சேர்ந்த அது, இதழ் விளம்பரத்தைப் பார்த்துப் பொய்ப்பெயரில் சிகாகோவிலிருந்து அஞ்சலில் வாங்கப்பட்டது. தொலைநோக்கியோடு அதன் விலை 19.95 டாலர், அஞ்சல் செலவு 1.50 டாலர். எளிய வேட்டைக்காரருக்கு வாய்ப்பளித்த அதே அஞ்சல் வணிகம், கொலைகாரனுக்கும் எவ்விதக் கேள்வியுமின்றி ஆயுதம் கொடுத்தது. 1963இல் சட்டமுயற்சி தொடங்கினாலும், 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பின்னரே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநிலங்களுக்கிடையே தனியாருக்கு அஞ்சலில் துப்பாக்கி விற்பதும், படை உபரித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதும் தடைசெய்யப்பட்டன. பழம்பொருள் வகையைச் சேர்ந்தவற்றுக்கு 1984இல் இறக்குமதி மீண்டும் திறந்தபோதும், பழைய விலையும் அளவும் திரும்பவில்லை.

தொழிற்சாலைகளின் மறுமொழி

உபரித் துப்பாக்கியோடு போட்டியிட, நிறுவனங்கள் செய்முறையைச் சுருக்கின. 1948இல் ரெமிங்டன், மைக் வாக்கரின் குழு வடிவமைத்த 721, 722 மாடல்களை வெளியிட்டது. இவற்றின் ஆக்‌ஷன் உருளைக் கம்பியிலிருந்து கடையப்பட்டதால் செலவு குறைந்தது. 1962இல் வந்த புகழ்பெற்ற மாடல் 700 இதன் வழித்தோன்றல். 1958இல் நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்த சாவேஜ் 110இல் குழலை ஒரு பெரிய திருகுமறை பிடித்துக்கொண்டது. தோட்டா அறையின் அளவைச் சரிசெய்வது இதனால் எளிதாயிற்று. 1936 முதல் உயர்வாக மதிக்கப்பட்ட வின்செஸ்டர் மாடல் 70இல் 1964இல் செலவுக் குறைப்புக்காகச் செய்த மாற்றங்கள் வாங்குவோரிடம் கடும் எதிர்ப்பைப் பெற்றன. ‘1964க்கு முந்தையது’ என்ற சொல் இன்றும் தரத்தின் அடையாளமாக வழங்குகிறது. 1968இல் ரூகர் நிறுவனம் வார்ப்பு முறையில் செய்த எம்77ஐ, பழைய கைவினைஞர்களின் மெலிந்த வடிவத்தில் வெளியிட்டது.

கணினி இயந்திரங்களும் நெகிழிக் கட்டைகளும் வந்தபின், 2010க்குப் பிறகு சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற மலிவு வகைகள், முன்பு விலையுயர்ந்த துப்பாக்கியில் மட்டுமே கிடைத்த துல்லியத்தைத் தந்தன. இதனால் பழைய கணக்கு தலைகீழாகியது. இன்று மவுசர் ஒன்றை வாங்கி, கட்டை, விசை, தொலைநோக்கித் தாங்கி எல்லாம் பொருத்தினால் புதிய துப்பாக்கியைவிடச் செலவு கூடும். முன்பு 20 டாலருக்குக் கிடைத்து, அறுக்கப்படாமல் தப்பிய படைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர்கள் பெருவிலைக்கு வாங்குகின்றனர். ஸ்போர்ட்டராக்கப்பட்டவை பெரும்பாலும் விலைபோவதில்லை.

வேட்டைக்குச் செல்லும் செலவு

துப்பாக்கி ஒருமுறைச் செலவு. உரிமம், பயணம், தங்கல் ஆகியவை ஆண்டுதோறும் வருபவை. இவற்றை எளிய மக்களுக்கு எட்டும் அளவில் வைத்தது பொது நிலம். காட்டுத்துறையின்கீழ் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கரும், நில மேலாண்மைத் துறையின்கீழ் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரும் உள்ளன. இவற்றின் பெரும்பகுதியில் உரிமம் பெற்ற எவரும் நிலவாடகையின்றி வேட்டையாடலாம்.

விலங்குகள் மீண்டுவர வேட்டைக்காரர்களின் பணமே பெரிதும் உதவியது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்கென ஒதுக்கியது. நீள்துப்பாக்கிகளுக்கு இவ்வரி இன்று 11 விழுக்காடு. மாநிலத்தின் பரப்பும் உரிமம் பெற்றோர் தொகையும் பார்த்து நிதி பங்கிடப்படும். உரிமக் கட்டணத்தை வேறு பணிக்குத் திருப்பும் மாநிலம் இந்நிதியை இழக்கும். வெண்வால் மான்கள் இன்று ஏறத்தாழ 3 கோடி என மதிப்பிடப்படுகின்றன.

சிக்கனமாக எல்க் வேட்டைக்குத் திட்டமிடுபவர் சில கணக்குகளை முன்கூட்டியே போட வேண்டும். முதலாவது உரிமம். விலங்கு குறைந்த பகுதிகளுக்குக் குலுக்கல் முறை உண்டு. பல மாநிலங்களில் கிடைக்காதவர்களுக்கு ஆண்டுதோறும் புள்ளி சேரும். ஆகவே எந்த மாநிலத்தில் எத்தனை ஆண்டு காத்திருப்பது என்பதே முதல் முடிவு. இரண்டாவது தூரம். பெரிய ஆண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சி 70 முதல் 100 கிலோ தேறும். முதுகில் 25 முதல் 30 கிலோ சுமந்தால் 3 அல்லது 4 நடை. சாலையிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளிச் சுட்டவர், இறைச்சி கெடுமுன் 50 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க நேரும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது பல மாநிலங்களில் குற்றம். இதனால்தான் அனுபவசாலிகள் வரைபடத்தில் முதலில் சாலையையும் சரிவையும் பார்க்கின்றனர். மூன்றாவது கூட்டு. இருவர் மூவர் சேர்ந்தால் எரிபொருளும் கூடாரமும் சுமையும் பங்காகும்.

வெளிமாநிலத்தாருக்குக் கட்டணம் பன்மடங்கு. மான்டானாவில் 1976இல் உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் உரிமம் பெற, வெளியூர்க்காரர் 225 டாலர் கூட்டு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. இதை எதிர்த்த பால்ட்வின் வழக்கில், பொழுதுபோக்கு வேட்டை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1978இல் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று பல மேற்கு மாநிலங்களில் வெளியூர்க்காரரின் எல்க் உரிமம் துப்பாக்கியின் விலையைவிடக் கூடுதல்.

பொது நிலத்தை அடைவதும் சிக்கலாகியுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் வழங்கியதால், மேற்கின் சில பகுதிகளில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைபோல மாறிமாறி உள்ளன. மிசூரியிலிருந்து வயோமிங் வந்த 4 வேட்டைக்காரர்கள் 2021இல், இரு பொது நிலச் சதுரங்கள் தொடும் மூலையில் ஏணி வைத்துத் தாண்டினர். தனியார் வான்வெளியில் அத்துமீறியதாக வழக்கு வந்தது. அவர்கள் தனியார் நிலத்தில் கால் வைக்கவில்லை. 2025இல் 10ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பழங்குடிகளின் உரிமை

‘அனைவருக்கும் பொதுவான நிலம்’ என்ற மரபுக்கு மறுபக்கம் உண்டு. அந்நிலங்கள் பழங்குடி மக்களிடமிருந்து பெறப்பட்டவை. 1868ஆம் ஆண்டின் உடன்படிக்கைகளில் குரோ, ஷோஷோனி, பன்னாக் மக்கள் பெருநிலங்களை விட்டுக்கொடுத்தபோது, குடியேற்றமில்லா நிலங்களில் வேட்டையாடும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். வயோமிங் மாநிலமானதோடு அவ்வுரிமை முடிந்தது என்று 1896இல் ரேஸ் ஹார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. விலங்கு மக்கள் அனைவருக்கும் உரியது என்ற கீர் தீர்ப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். 123 ஆண்டுகளுக்குப் பின், 2019இல் ஹெரேரா வழக்கில், மாநிலம் உருவானதால் மட்டும் உடன்படிக்கை உரிமை அழியாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

உபரித் துப்பாக்கிகளை மாற்றியமைத்த காலம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நீடித்தது. அதில் பல வரலாற்றுச் சான்றுகள் ரம்பத்துக்கு இரையாயின என்று சேகரிப்பாளர்கள் வருந்துகின்றனர். கையில் காசில்லாத ஒருவர் தன் உழைப்பால் நல்ல கருவி செய்துகொண்ட காலம் என்று வேட்டைக்காரர்கள் அதைப் போற்றுகின்றனர். அதே மலிவும் கேள்வியற்ற விற்பனையும் ஒரு நாட்டின் தலைவரைப் பலிகொண்டன என்பதும் அவ்வரலாற்றின் பகுதி. இன்று துப்பாக்கி மலிவாகவே கிடைக்கிறது. உரிமச் சீட்டும் காட்டுக்குச் செல்லும் வழியுமே அரிதாகியுள்ளன. எளியவர் வேட்டையாட முடியுமா என்ற கேள்வி இப்போது குலுக்கல் விதிகளிலும் நில எல்லை வழக்குகளிலும் முடிவாகிறது.